மீன் ரின்னுக்குள் இருந்த எழுத்து

சரஸ்வதி பூசையன்று பின்னேரம் கம்பஸில் இருந்து வீட்டுக்கு வந்து என் மேசை லாச்சியைத் திறந்தபோது, மீன் அடைத்து வந்த தகர ரின்னைக் காணவில்லை. நான் முதலில் பதறவில்லை. பழைய வயர்களையும் கொப்பிகளையும் கிளறிப் பார்த்தேன். மற்ற லாச்சிகளையும் இழுத்தேன். எல்லாம் இருந்தன. ரின் மட்டும் இல்லை. அப்போதுதான் லாச்சியையே கழற்றி நிலத்தில் கவிழ்த்தேன்.

அந்த ரின்னுக்குள்தான் என் சிப் இருந்தது. சுண்டுவிரல் நகத்தளவுதான். ஒரு சின்னக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள் அதை வைத்து, அந்தக் கூட்டை ரின்னுக்குள் வைத்திருந்தேன். அடுத்த நாள் காலையில் வெளிநாட்டில் இருந்து வந்திருக்கிற ஒரு பேராசிரியைக்கு முன்னால் அதை நான் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தல் என்றுதான் நாங்கள் சொல்வது. அதில் நான் எழுதி வைத்திருந்தேன்.

எதை எழுதினேன், எப்படி எழுதினேன் என்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்லுவேன். மிக மெல்லிய உலோகப் படலம் ஒன்று. அதற்குள் எண்ணிலடங்காத சின்னக் காந்த ஊசிகள் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் மேலே பார்த்தபடி நிற்கும். சில இடங்களில் மட்டும், நடுவில் நிற்பது கீழே பார்க்க, அதைச் சுற்றி நிற்பவை படிப்படியாகத் திரும்பிப் போய் மேலே பார்ப்பவற்றோடு சேரும். எங்கள் பௌதிகத்தில் ஸ்கேர்மியன் என்பது அதுதான். எனக்கு அது சுழி. குழந்தையின் உச்சியில் இருக்கிற மயிர்ச்சுழியை எந்தப் பக்கம் சீவினாலும் அது சுழியாகவே கிடக்கும் அல்லவா, அதுபோல இதுவும் இலேசில் கலையாது. ஓரிடத்தில் சுழி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். இவ்வளவும் போதும், கணினிக்கு ஒரு நினைவகம் செய்ய.

வழக்கமாக இப்படியான சுழிகளை உண்டாக்கவும் அழிக்கவும் மின்னோட்டத்தைப் பாய்ச்சுவார்கள். சூடேறும், மின்சாரம் வீணாகும். எங்கள் வழி வேறு. படலத்துக்கு மேலே மின்னைக் கடத்தாத ஒரு காவலிப் படை, அதற்கு மேலே ஒரு மின்வாய். மின்னழுத்தத்தை மட்டும் கொடுத்தால், ஓட்டம் என்று சொல்லத்தக்கதாக எதுவும் பாயாமலே, அந்த ஊசிகளின் பிடிவாதம் கொஞ்சம் தளரும். தளர்கிற நேரத்தில் சுழி பிறக்கும். அழுத்தத்தை மறுபக்கமாகக் கொடுத்தால் சுழி போய்விடும். அழுத்தத்தை எடுத்த பிறகு, எழுதியது எழுதியபடியே கிடக்க வேண்டும். அந்த ‘வேண்டும்’ என்ற சொல்லில்தான் என் சீவியம் தொங்கிக்கொண்டிருந்தது.

படலத்தைச் செய்து தந்தது பேராசிரியையின் ஆய்வுகூடம். சிப் ஒன்றுதான். பேச்சும் ஒன்றுதான்: நான் ஒரு வரிசை சுழிகளை எழுதி, படமெடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். பிறகு சிப்பை ஆய்வுகூடத்துக்கு வெளியே, சாதாரண வீடொன்றில், மின்சாரமே இல்லாமல் வைத்திருக்க வேண்டும். அவர் வந்து பார்க்கும்போது வரிசை குலையாமல் இருந்தால் இந்த ஆராய்ச்சியின் அடுத்த கட்டம் யாழ்ப்பாணத்தில், என் கையில் நடக்கும். குலைந்திருந்தால் சிப் அவரோடு திரும்பிப் போய்விடும். எழுதுகிற வேலையே எனக்குப் பெரிய சண்டையாக இருந்தது. எங்கள் பக்கம் பின்னேரத்தில் எல்லா வீட்டுக் கிணற்று மோட்டர்களும் சேர்ந்து ஓட வோல்ற்றேஜ் படுத்துவிடும், பிறகு திடீரென்று குதிக்கும். கடைசியில் ஒரு கார் பற்றரியைக் கொண்டுபோய் அதில் இருந்துதான் எழுதினேன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே இல்லை. அந்த வேலைக்கு மட்டும் எங்கிருந்தோ கடன் வாங்கினேன்.

வெளிக் காந்தத்தில் இருந்து சிப்பைக் காக்கவென்று தனி உலோகத்தில் பெட்டிகள் செய்கிறார்கள். எங்களிடம் அது இல்லை. இரும்பும் ஓரளவு காக்கும். கம்பஸ் கன்ரீனில் மீன் ரின் வெட்டுகிற நாளாகப் பார்த்து பெரிதாக ஒன்றும் சிறிதாக ஒன்றும் வாங்கி, கழுவிக் காயவைத்து, ஒன்றுக்குள் ஒன்றை வைத்து, இரும்பு மூடி போட்டுக்கொண்டேன். பேராசிரியைக்குப் படம் அனுப்பியபோது அவர் சிரிப்புக் குறி ஒன்று போட்டு, பரவாயில்லை என்று எழுதினார்.

கொக்குவிலில் அந்த வீட்டில் நானும் மாமியும்தான். என் கணவர், மாமியின் மகன், கொழும்பில் வேலை. சனி ஞாயிறில் வருவார். மாமி வாழ்நாளில் மச்சம் தொடாதவர். மீன் வாங்கிய பையைக்கூட வாசலைத் தாண்ட விடமாட்டார். மாமா இறந்து ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு வந்த முதல் நவராத்திரி அது. துடக்கு வருசத்தில் எந்தப் பூசையும் செய்யாமல் அடக்கி வைத்திருந்த அவ்வளவு ஆசையையும் அந்த ஒன்பது நாளில் கொட்டிக்கொண்டிருந்தார்.

“மாமி, லாச்சிக்குள்ளை ஒரு ரின் இருந்தது. கண்டனீங்களோ?” என்று கத்தினேன்.

அவர் அடுக்களையில் கடலை தாளித்துக்கொண்டிருந்தார். “அது கிணத்தடியிலை கிடக்கு. ஏன் பிள்ளை, நவராத்திரி நாளையிலை வீட்டுக்குள்ளை மீன் ரின்னோ வைச்சிருக்கிறது? எத்தினை தரம் கழுவினாலும் மச்சம் மச்சந்தானே.”

“அதுக்குள்ளை இருந்தது?”

“அது பத்திரமாய்க் கிடக்கு. பூசையிலை வைச்சிருக்கிறன்.”

எனக்கு உயிர் வந்தது. அது நின்றது சாமியறை வாசல் வரைக்கும்தான். கும்பத்துக்குப் பக்கத்தில் பட்டு விரித்து, என் புத்தகங்களையும் ஆய்வேட்டின் பிரதியையும் அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பிளாஸ்டிக் கூட்டை நிமிர்த்தி வைத்திருந்தார். அது விழாமல் இருக்க மந்திரப் பெட்டியின் முதுகில் சாத்தியிருந்தார். மாமா வாங்கிக் கொடுத்த பெட்டி அது. அதன் வயரைச் சுவரில் செருகிவிட்டால் ஐந்தெழுத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அதன் முதுகில் ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்குப் பின்னால் வட்டமாக ஒரு காந்தம்.

நான் செருப்போடு உள்ளே போகப் பார்த்தேன். மாமி அகப்பையோடு ஓடிவந்து வாசலை மறித்தார்.

“என்ன பிள்ளை செய்யிறீர்? தீபம் காட்டியாச்சு. விடியத்தான் எடுக்கலாம்.”

“அந்தப் பெட்டிக்குள்ளை காந்தம் இருக்கு மாமி! நான் எழுதினது எல்லாம் அழிஞ்சுபோம்!”

மாமி சுவருக்குப் போய் சுவிட்சை அணைத்தார். மந்திரம் பாதியில் நின்றது. “நிப்பாட்டிப் போட்டன். இனி என்ன?”

“கரன்ட் இல்லாட்டிலும் காந்தம் காந்தந்தான். அது நிக்காது.”

சொல்லும்போதே எனக்கு எரிச்சலோடு ஒரு அவமானமும் வந்தது. மின்சாரம் இல்லாவிட்டாலும் காந்தம் போகாது என்பதைத்தானே நான் இத்தனை காலமாக உலகத்துக்கு நிறுவப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அதுவே என் வீட்டுச் சாமியறையில் எனக்கு எதிராக நின்றது.

“ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்?”

“நீர்தானே சொன்னனீர், இது ஒரு கொப்பி மாதிரி மாமி, இதிலை எழுதி வைச்சிருக்கிறன் எண்டு. எழுத்தெண்டால் பூசையிலை வைக்கிறதில்லையோ? உம்மடை அலுவல் நல்லாய் வரோணுமெண்டுதான் வைச்சனான்.”

உண்மை. ஒருநாள் அவர் கேட்டபோது, விளக்கிச் சொல்லப் பஞ்சிப்பட்டு அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஆனால் கோபம் உண்மையைப் பார்த்து நிற்குமா? “நாளைக்கு உது இல்லாட்டில் உங்கடை சரஸ்வதியோ வந்து எனக்குப் பதில் சொல்லுவா?” என்று கேட்டேன். மாமியின் முகம் சுருங்கியது. அகப்பையில் இருந்து எண்ணெய் அவர் காலில் சொட்டியது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. வாசலை விட்டு விலகவும் இல்லை.

நான் கூடத்துக் கதிரையில் போய் விழுந்தேன். கணக்குப் போடத் தொடங்கினேன், வேறென்ன செய்வது. கூட்டின் தடிப்பு இவ்வளவு, பெட்டியின் தகடு இவ்வளவு, ஸ்பீக்கர் மலிவானது, காந்தமும் சிறியதாகத்தான் இருக்கும். தூரம் கூடக்கூடக் காந்தம் சட்டென்று குறையும். அதனால் பெட்டிப் பக்கம் இருந்த ஓரம் போயிருந்தாலும் மற்ற ஓரம் தப்பியிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. காந்தம் சுழியை ஒரேயடியாகக் கொன்றுவிடும் என்றில்லை. தள்ளாடுகிற நிலைக்குக் கொண்டுவந்து விட்டால், அறையின் சூடே மீதி வேலையைப் பார்க்கும். நேரம் போகப்போக ஒவ்வொன்றாகக் கவிழும். அப்படியென்றால் நான் கதிரையில் இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் நட்டம். எழும்பிப் போய் அந்த மனுசியைத் தள்ளிவிட்டு எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். வெறும் நினைப்பு அல்ல அது. காலை ஊன்றி எழும்பியும் விட்டேன்.

அந்த நேரம் பார்த்து காங்கேசன்துறைப் பக்கம் போகிற ரயில் கடந்து போனது. யன்னல் கண்ணாடிகள் வழக்கம்போல அதிர்ந்தன. அது ஓய்ந்தபோது சாமியறையில் ஏதோ நகருகிற சத்தம் கேட்டது. மாமி மந்திரப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போய் அதை அடுக்களைப் பரணில் வைத்தார்.

“பெட்டி புத்தகமில்லைத்தானே,” என்றார், தனக்குச் சொல்வதுபோல. “அதை எடுக்கலாம். மற்றதை விடியத்தான் தருவன்.”

சாமியறையை எட்டிப் பார்த்தேன். கூடு இப்போது ஒரு மாம்பழத்தில் சாய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் அவலையும் கடலையையும் தொடவில்லை.

விடிய, நான் முழுகிவிட்டு வரும்போது மாமி பூசையை எடுத்துவிட்டிருந்தார். கூட்டை வெற்றிலையில் வைத்து என் கையில் தந்தார். அதன் ஓரத்தில் சந்தனம் பட்டிருந்தது. “முதல் வாசியும் பிள்ளை. வாசிச்ச பிறகுதான் எழுதவேணும்,” என்றார். அந்த வீட்டில் விஜயதசமிக்கு எந்தப் பிள்ளை புத்தகத்தை எடுத்தாலும் மாமா இதைத்தான் சொல்லுவாராம். பூசையில் இருந்து எடுத்த கையோடு ஒரு பக்கமாவது வாசித்த பிறகுதான் பேனை தொடலாம். நான் கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

கம்பஸ் ஆய்வுகூடத்துக்குப் பேராசிரியை வருவதற்கு முன்பே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சந்தனத்தைத் துடைத்து, சிப்பை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, விளக்கைப் போட்டேன். காந்தத்தில் பட்டுத் திரும்புகிற ஒளி கொஞ்சம் முறுகி வரும். அதைக் கொண்டு படமெடுத்தால் சுழி கரும்புள்ளியாகத் தெரியும். கணினித் திரையில் சாம்பல் நிறம் பரவியது. பிறகு மெல்ல மெல்ல ஒரு புள்ளி, அடுத்தது, அடுத்தது. வலது ஓரத்தில் இருந்து வரிசை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நடுவைத் தாண்டியதும் ஒன்றைக் காணவில்லை. பிறகு ஒன்று இருந்தது, இளைத்துப்போய். அதற்கு அங்கால் வெறும் சாம்பல்.

பழைய படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தேன். பெட்டியில் சாய்ந்திருந்த ஓரம் முழுக்கப் போய்விட்டிருந்தது. வாய்விட்டு அழுதேன் என்று சொன்னால் அது பொய். பல்லைக் கடித்துக்கொண்டு மாமியைத் திட்டினேன். மாமாவையும், அந்தப் பெட்டியைச் செய்தவனையும் சேர்த்துத் திட்டினேன்.

அப்போதுதான் மேசையில் இருந்த பற்றரி கண்ணில் பட்டது.

வயர்கள் பூட்டியபடியே இருந்தன. எந்த மின்வாய்க்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். காணாமல் போனவற்றுக்குத் தலைக்கு ஒரு தட்டு. சத்தம் வராது, சூடு வராது. முதல் எழுதியதற்கும் இப்போது எழுதுவதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க உலகத்தில் எவராலும் முடியாது. இந்த முறையின் பெருமையே அதுதானே. பேராசிரியை வந்து பார்ப்பார், பழைய படத்தோடு ஒத்துப் பார்ப்பார், கை குலுக்குவார். சிப் என்னோடு இருக்கும். விரலை விசையில் வைத்தேன்.

வெளியே ஓட்டோ ஒன்று வந்து நின்ற சத்தம். ஆரோ கூலி பேசுகிறார்கள். வருவது அவர்தான்.

இன்னும் நேரம் இருந்தது. ஒரு வரிசை நிரப்ப எவ்வளவு நேரம் வேண்டும்? என் விரல் விசையிலேயே கிடந்தது, வியர்த்துக்கொண்டு. நான் பெரிய நீதிமான் இல்லை. பரீட்சை மேற்பார்வையில்கூடக் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன். ஆனால் வாசித்தாயிற்று. வாசிக்காமல் எழுதியிருந்தால் ஒருவேளை என்னை நானே ஏமாற்றியிருக்கலாம். கண்ணால் பார்த்த வெறுமைக்கு மேலே எழுதிவிட்டு, எழுதியது அழியாமல் கிடந்தது என்று இன்னொருவருக்கு எப்படிச் சொல்வது? எழுதியது கிடக்குமா என்பதுதானே கேள்வி. நானே திருப்பி எழுதினால் கேள்வியே இல்லை, வேலையும் இல்லை. படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. விரலை எடுத்துவிட்டேன். எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன்.

பேராசிரியை திரையைக் கனநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இந்த ஓரத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டார். வீட்டில் ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், ரின்னுக்கு வெளியே இருந்துவிட்டது என்றேன். எவ்வளவு கிட்ட என்றார். தொட்டுக்கொண்டு என்றேன். யார் வைத்தது என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நான்தான்,” என்றேன். அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. எண்ணெய் சொட்டிய அந்தக் கால் கண்ணுக்குள் நின்றது.

அவர் தலையை ஆட்டினார். காணாமல் போனவற்றை இப்போது எழுதிக் காட்டச் சொன்னார். பற்றரியில் இருந்து தட்டத் தட்ட ஒவ்வொன்றாகத் தங்கள் தங்கள் இடத்தில் வந்து நின்றன, ஒன்றுமே நடக்காததுபோல. எழுதுகிற முறை நன்றாக இருக்கிறது என்றார். காக்கிற வேலைக்குத் தங்களிடம் வேறொரு குழு இருக்கிறது என்றார். பேசியது பேசியபடியே நிற்க வேண்டும், மன்னித்துக்கொள் என்றார். மறுநாள் காலை ரயிலில் கொழும்புக்குப் போகிறார். நான் சிப்பை அந்த ரின்னில் பாதுகாப்பாக வைத்து ஸ்ரேசனுக்குக் கொண்டுவந்து தர வேண்டும். குரலில் ஒரு கடுமையும் இல்லை. கடுமையாகப் பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தபோது, ஏறி மிதிக்கவும் மனமில்லாமல் இருந்தது. வீட்டுக்குள் போனால் மாமி கேட்பார். என்ன சொல்வது என்று யோசித்தபடியே கேற்றைத் திறந்தேன். நேரே கிணற்றடிக்குப் போனேன், ரின்னை எடுக்க. அங்கே ரின் இல்லை.

“இஞ்சை வாரும்,” என்று அடுக்களையில் இருந்து குரல் வந்தது.

அடுக்களை மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் மேலே என் பழைய ரின்கள் இரண்டும், அவற்றோடு புதிதாக இரண்டும் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்க வேண்டும், எல்லாம் மினுங்கின. மாமியின் பெருவிரலில் சீலைக் கிழிசல் சுற்றியிருந்தது, இரத்தம் ஊறியிருந்தது. மீன் ரின் வெட்டிப் பழக்கமில்லாத கை. அந்த அடுக்களைக்குள் மீன் ரின் வந்தது அதுதான் முதல் தடவை.

“பெரிசுக்குள்ளை சின்னன் போகவேணுமெல்லோ. அளவு பாத்து வாங்கினனான்,” என்றார். “இன்னும் ரெண்டு சுத்துப் போட்டால் காந்தம் உள்ளை வராதோ பிள்ளை?”

“கொஞ்சம் குறையும் மாமி,” என்றேன்.

“மீனை ஒழுங்கை நாயளுக்குப் போட்டிட்டன். சரி, என்ன சொன்னவ அந்த அம்மா?”

சொன்னேன். மறைக்கவில்லை. ஓரம் போய்விட்டதையும், சிப் நாளைக்குப் போகிறதையும் சொன்னேன். அவர் கதிரையைத் தேடிப் பிடித்து அதில் இருந்தார்.

“அப்ப அது இனி வராதோ?”

“வராது.”

அவர் விரல் கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். “ஆர் வைச்சதெண்டு கேட்டவவோ?”

“கேட்டவ.”

“என்ன சொன்னனீர்?”

“நான் வைச்சனான் எண்டு.”

மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது, ஆனால் ஒரு துளியும் விழவில்லை. பிறகு எழும்பி ரின்களை நிமிர்த்தி, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, கடைசிச் சின்ன ரின்னை என் பக்கம் நகர்த்தினார்.

“உள்ளை வையும்,” என்றார். “நானும் ஒரு பொய் சொன்னனான். கடைக்காரன் ஆச்சரியப்பட்டுக் கேட்டான். பூனைக்கு எண்டு சொன்னன்.”

எங்கள் வீட்டில் பூனை இல்லை. அது கடைக்காரனுக்கும் தெரியும்.